துரை சாப்பிடாத நாட்கள்

ஜூன் 3

பியூலா தூத்துக்குடிக்குப் போய் இன்றோடு எட்டு நாள். அவள் தங்கை ஹெப்சிக்கு மூட்டு ஆபரேஷன். பத்து நாளில் வந்துவிடுவாள். கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

போனவள் தன் கிளியை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பச்சைக்கிளி இல்லை. ஆப்பிரிக்காக் கிளியாம், சாம்பல் நிறம், வாலில் மட்டும் சிவப்பு. துபாய்க்குக் குடிபோன அவள் அண்ணன் மகன் எட்டு வருஷத்துக்கு முன்னால் விட்டுப் போனது. கோட்டு போட்ட ஆள் மாதிரி இருக்கிறதென்று பியூலா அதற்குத் துரை என்று பேர் வைத்தாள். துரை தின்பது ஒரு பங்கு, இறைப்பது மூன்று பங்கு, கழிவது நாலு பங்கு. கூண்டைச் சமையல்கட்டில் வைத்திருக்கிறாள். அடுப்புக்கும் கூண்டுக்கும் நடுவே ஆறடிகூட இல்லை. முப்பத்திரண்டு வருஷம் மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் வீட்டில் இந்த லட்சணம். வேறொருவன் ஹோட்டலில் இதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பூட்டுப் போட்டிருப்பேன்.

ஜூன் 4

இன்று முழுக்கக் கூண்டு வேலை. எழுதவே குமட்டுகிறது.

உள்ளே ஒரு கொய்யாக் கொம்பு, மேலெல்லாம் எச்சம் காய்ந்து மொறுமொறுவென்று. பியூலாவின் பழைய நைட்டியிலிருந்து கிழித்த துணி ஒன்று மூலையில் தொங்கியது. அதில் சாய்ந்துதான் துரை தூங்குமாம். நாறியது. தேங்காய்ச் சிரட்டை இரண்டு, கடித்துக் குதறிய மரக்கரண்டி ஒன்று. எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டேன். கூண்டைப் பினாயில் ஊற்றித் தேய்த்து, பிளீச்சிங் தண்ணீரில் இரண்டு தடவை கழுவினேன். கொம்புக்குப் பதில் பிவிசி பைப், வழவழவென்று ஒரு சொட்டு அழுக்குப் பிடிக்காது. கூண்டைப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேலே மாட்டிவிட்டேன். சமையல்கட்டு இப்போதுதான் சமையல்கட்டு மாதிரி இருக்கிறது.

ஜூன் 6

கிளி சத்தமே இல்லை. நிம்மதி.

ஜூன் 9

கோயிலில் ஆராதனை முடிந்ததும் நாலு பேர் பியூலா எங்கே என்றார்கள். மூட்டு ஆபரேஷன் என்றேன். "பியூலாவுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். விளக்கம் சொல்லி மாளவில்லை.

காபி நானே போட்டேன். குக்கர் விசில் அடித்தால் துரையும் விசில் அடிக்கும். ஏழு மணி ஆனால் பியூலா குரலிலேயே "காபி ஆச்சா" என்று கேட்கும். இன்றைக்குக் குக்கர் மட்டும்தான் அடித்தது.

ஜூன் 13

துவைக்கிற கல் முழுக்கச் சாம்பல் இறகு. பூனை வேலை என்று நினைத்தேன். பூனை இல்லை. தன் நெஞ்சில் இருப்பதைத் தானே பிடுங்கிப் போட்டிருக்கிறது. கறிக்கடையில் உரித்துத் தொங்கவிட்ட கோழி மாதிரி நெஞ்சு வெறுந்தோலாக இருக்கிறது, அங்கங்கே ரத்தப் பொட்டு. கெட்டுப்போன இறைச்சி நான் பார்த்தது போல இந்த ஜில்லாவில் எவனும் பார்த்திருக்க மாட்டான். அதெல்லாம் செத்தது. இது கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறது. சாயங்காலம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 14

பியூலா போன் பண்ணினாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"துரை எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கு."

"குரலக் கேக்க வைங்க."

"தூங்குது."

"பகல் பதினோரு மணிக்கா? சரி, அவன எடுத்துட்டு வர ஆள் அனுப்புதேன்."

"அடுத்தவங்க வீட்டுல கிளிக்கு என்ன வேலை? நீதான் வரப்போறல்லா, வந்து பாத்துக்கோ."

வைத்துவிட்டாள். கிளி இங்கே இருந்தால் அதற்காகவாவது வருவாள். அனுப்பிவிட்டால் இந்த வீட்டில் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஜூன் 17

எதிர்வீட்டுக் காசிம் பாய் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார். நேரே வந்துவிட்டார்.

"என்ன சார் இது, கிளி இந்தக் கோலத்துல நிக்கி?"

"சொறியா இருக்கும். பினாயில் தண்ணி தொட்டுத் தொடைச்சேன்."

"அல்லாவே, பினாயிலா? சார், இதுக்கு மனசு விட்டுப் போச்சு. வண்ணார்பேட்டைல ஒரு டாக்டரம்மா பறவ மட்டும் பாக்காங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."

கிளிக்கு மனசாம். விட்டுப் போக வேறு செய்ததாம். இறகைக் கூட்டி அள்ளினேன். நேற்றைவிட அதிகம்.

ஜூன் 19

போனேன். டாக்டர் பேர் செண்பகவல்லி. முப்பது வயசு இருந்தால் அதிகம். நாற்காலியில் நாய் முடி, மேஜையில் முயல் புழுக்கை. கைக்குட்டையை விரித்துத்தான் உட்கார்ந்தேன்.

கிளியைத் துண்டில் சுற்றி எடுத்து நிறுத்துப் பார்த்தார். 321 கிராம். நாலு மாசத்துக்கு முன்னால் பியூலா கொண்டுவந்தபோது 385 இருந்ததாம். ரத்தம் எடுத்தார், எச்சத்தைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்தார். பூச்சி இல்லை, தோல் வியாதி இல்லை. அதற்கப்புறம் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். நான் ஹோட்டல்காரர்களைக் கேட்ட கேள்வியெல்லாம் ஞாபகம் வந்தது. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.

"எப்பலேருந்து பேசல?"

"ரெண்டு வாரம்."

"அதுக்கு முந்தி வீட்ல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறல. கூண்டச் சுத்தம் பண்ணினேன்."

"எப்படி?"

சொன்னேன். கொம்பு, துணி, சிரட்டை, கரண்டி, பினாயில், பைப், பின்பக்கம். சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"யார் கூட அது அதிகம் இருக்கும்?"

"என் வீட்டுக்காரி. ஊருக்குப் போயிருக்கா."

"சார், அதோட ஆள் ஒருநாள் திடீர்னு காணாமப் போயிட்டாங்க. அடுத்த வாரம் நீங்க அதோட வீட்டையும் காலி பண்ணி, மருந்து வாசத்துல தனியாத் தொங்க விட்டிருக்கீங்க. பேசாது, திங்காது, உடம்ப உப்பிக்கிட்டு ஒரே இடத்துல உட்காந்திருக்கும், இறகப் பிடுங்கும். மனுஷனுக்கு வந்தா என்ன சொல்லுவோமோ அதான் இது. சோகம். சில கிளி இதுலயே செத்துப் போயிடும்."

நான் சுத்தமாக வைத்திருந்ததைத் தவிர வேறு குற்றம் செய்யவில்லை என்றேன். "குற்றம்னு நான் சொல்லலையே" என்றார். எரிச்சலாக வந்தது.

கூண்டு பழையபடி ஆள் நடமாடுகிற இடத்துக்கு வரவேண்டும். பினாயில் கூடாது, வெந்நீர் போதும். மரக்கொம்பு வேண்டும், கடித்துக் குதற ஏதாவது வேண்டும். காலை வெயில், தண்ணீர் தெளித்துக் குளியல், விளக்கணைத்துப் பத்து மணி நேரம் தூக்கம். நான் சாப்பிடும்போது அதுவும் பக்கத்தில் சாப்பிட வேண்டும். தினமும் நிறுத்து எழுத வேண்டும். கடைசியாக, பேச வேண்டும்.

"என்ன பேச?"

"என்ன வேணா. நீங்க வீட்ல பேசுறதத்தான்."

வீட்டில் நான் யாரோடு பேசுகிறேன்?

ஜூன் 20

கூண்டு சமையல்கட்டுக்கு வந்தாயிற்று. ஒரு மாநகராட்சி ஆய்வாளன் தன் கையாலேயே செய்தான் என்று எழுதி வைக்கிறேன். காசிம் பாய் வீட்டுக் கொய்யாவில் ஒரு கொம்பு ஒடித்துக் கொடுத்தார்.

துணிதான் கிடைக்கவில்லை. பியூலாவின் நைட்டியெல்லாம் துவைத்து மடித்தது, சோப்பு வாசம். அழுக்குக் கூடையின் அடியில் ஒன்று இருந்தது, அவள் போகுமுன் கழற்றிப் போட்டது. இருபத்தைந்து நாளாகத் துவைக்காமல் கிடக்கிறது. வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட நான் அப்படி விட்டதில்லை. அதை மட்டும் ஏன் விட்டேனோ தெரியாது. ஒரு ஓரத்தைக் கிழித்துக் கூண்டில் கட்டினேன். துரை அரை மணி நேரம் அதையே பார்த்தது. பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து அதனிடம் போயிற்று.

ஜூன் 24

316 கிராம். விரலைக் கடித்து ரத்தம் வர வைத்துவிட்டது. டெட்டால் போட்டேன், எனக்கு.

அதோடு உட்கார்ந்து சாப்பிடுவது இருக்கிறதே, என் விரோதிக்கும் வரக்கூடாது. நான் இட்லியைப் பிட்டால் அது கூண்டுக்குள் எச்சம் போடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். பியூலா எட்டு வருஷமாக இதற்கெதிரில்தான் சாப்பிட்டாள். நான் முன்ஹாலில் தனியாகத் தட்டு வைத்துக்கொள்வேன்.

ஜூன் 25

காசிம் பாய் சம்சாரம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறாள். மண்டபத்தில் ஹெப்சியைப் பார்த்தாளாம், மாடிப்படி ஏறிப் போனாளாம். மூட்டு நல்ல குணமாகிவிட்டது போல.

ஜூன் 27

டாக்டர் போனில் கேட்டார். "அம்மா போன அன்னிக்குக் கிளி பயப்படுற மாதிரி ஏதாவது நடந்துச்சா? கூச்சல், சண்டை?" ஒன்றுமில்லை என்றேன். அதற்கப்புறம் நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

மே 26, ஞாயிறு. ஹெப்சி மகளுக்கு நிச்சயம் முடிந்து எங்கள் வீட்டில் விருந்து. ஹெப்சி, அவள் புருஷன், மாப்பிள்ளை வீட்டார், பதினோரு பேர். பியூலா விடிகாலை நாலு மணிக்கே எழுந்து மட்டன் பிரியாணி செய்தாள். இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. சட்டியைத் திறந்தால் மேலே ஒரு சாம்பல் இறகு. ஒன்றே ஒன்று, சுண்டுவிரல் நீளம்.

கெட்ட உணவை யாரும் திரும்ப எடுத்து விற்காதபடி அந்த இடத்திலேயே அழிக்க வேண்டும். பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ கொட்டுவோம். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை அண்டா. என் கை போய் ஜன்னலோரத்து டப்பாவை எடுத்தது. நான் கொட்டினேன். பிரியாணி மேல், சட்டி வெள்ளையாகிற வரைக்கும். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். துரை கூண்டுக்குள் அடித்துக்கொண்டு அலறியது.

பியூலா அழவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். சாயங்காலம் ஹெப்சியின் காரில் ஏறிப் போனாள். ஹெப்சி முட்டிக்கு ஆபரேஷன் என்று நான்தான் முதலில் காசிம் பாயிடம் சொன்னேன்.

விதிப்படி நான் செய்ததில் தப்பில்லை.

ஜூலை 2

326. வேர்க்கடலை இரண்டு, கொய்யாத் துண்டு ஒன்று.

ஜூலை 8

347. மணிக்கு ஒருதரம் இறகைக் கோதுகிறது, பிடுங்கவில்லை. நெஞ்சில் முள்ளுமுள்ளாக முளை விட்டிருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. டாக்டர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார், புது இறகாம். காலையில் வெயிலில் வைத்துத் தண்ணீர் தெளித்தேன், சிறகை விரித்துக் காட்டியது. என் சட்டையெல்லாம் அதன் இறகிலிருந்து மாவு மாதிரி ஒரு வெள்ளைத் தூள். இரண்டு தடவை குளித்தேன்.

பேசச் சொன்னதற்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறேன். தலைப்புச் செய்தி, வானிலை, இரங்கல். மத்தியானம் கூண்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவேன். வேறொன்றுமில்லை.

ஜூலை 12

பியூலா மறுபடி போன். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

"ஹெப்சி மாடில ஒரு ரூம் ஒதுக்கிட்டா. துரைய அனுப்பிருங்க. அவனுக்கு என்ன ஆச்சுன்னு காசிம் பாய் சம்சாரம் எல்லாம் சொல்லிட்டாங்க."

"இப்ப தேறிட்டு வருது. நான் பாத்துக்கிடுதேன்."

"ஒங்க மேல கோவம்னா எங்கிட்டக் காட்டுங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் குரல் கேட்டதும் துரை கம்பியில் தலைகீழாகத் தொங்கித் தேடியது. போனைப் பார்த்தது, வாசலைப் பார்த்தது, அடுப்புப் பக்கம் பார்த்தது. அவள் வைத்த பிறகும் தேடியது.

ஜூலை 14

338. இரண்டு நாளாகத் தீனியைத் தொடவில்லை. முளைத்த இறகைத் திரும்பப் பிடுங்கிவிட்டது. கூண்டுத் தட்டில் ரத்தம். கோயிலுக்குப் போகவில்லை.

ஜூலை 15

டாக்டரிடம் போனேன். "அவங்க வரமாட்டாங்களா?" என்றார். வருவார்கள் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன், பொய் சொல்கிற ஆளை.

"வரலன்னா, நீங்க இதக் கொண்டுபோயி அவங்கட்ட விடணும். உங்களால ஆனது நல்லாவே பண்ணிட்டீங்க. மீதி அவங்கட்டதான் இருக்கு."

கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் இந்த வீட்டுப் படி மிதிக்க ஒரு காரணமும் கிடையாது. இங்கே வைத்தால் செத்துப் போகும். செத்தாலும் வரமாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. கிளிக்காக என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எனக்காகத்தான் பயமாக இருக்கிறது.

ஜூலை 19

கூண்டை வெந்நீரில் கழுவினேன். கார் சொல்லியாயிற்று. அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 20

போய் வந்தேன்.

கார் டிரைவர் வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். "என்ன சார் இந்த நாத்தம்?" என்றான். கிளி என்றால் அப்படித்தான் இருக்கும், ஜன்னலை இறக்கு, பாட்டை நிறுத்து என்றேன். வல்லநாடு தாண்டியதும் துரை என் சட்டைக் கையில் கழிந்தது. துடைத்துக்கொண்டேன்.

ஹெப்சிதான் கதவைத் திறந்தாள். "வாங்க அத்தான்" என்றாள். குரலில் ஒரு சூடும் இல்லை. பியூலா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இளைத்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே கூண்டைத் திறந்து கையை நீட்டினாள். துரை உடனே ஏறவில்லை. அவள் கையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு ஏறி, தோள் வரைக்கும் நடந்து, அவள் காதுக்கடியில் தலையைச் செருகிக்கொண்டது. பியூலா அதன் வெறும் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள். பிரியாணிக்கு அழாதவள்.

ஹெப்சி காபி கொண்டுவந்தாள். ஒன்றரை மாசமாக வாயைத் திறக்காத துரை அப்போது ஒரு இருமல் இருமியது. வெற்றிலை போடுகிற பழக்கத்தை விட்டவன் இருமுகிற இருமல், என்னுடையது. அப்புறம் என் குரலிலேயே, தெள்ளத் தெளிவாகச் சொன்னது.

"ஒரு வாய் சாப்பிடு ராசா. என் தப்புதான். நான் கொட்டிருக்கக் கூடாது. எல்லாம் என் தப்புதான்."

காபித் தம்ளரை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அது நிறுத்தவில்லை. மத்தியானங்களில் ஸ்டூலில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல், மூக்கை உறிஞ்சுவது உட்பட, இரண்டு பெண்களுக்கு முன்னால் சொன்னது. அதன் கழுத்தைத் திருகிவிடலாம் போலிருந்தது.

"இது அத்தான் குரல்லா?" என்றாள் ஹெப்சி.

பியூலா அப்போதுதான் முதல்முதலாக என் முகத்தைப் பார்த்தாள்.

"கிளிகிட்டச் சொல்லத் தெரிஞ்சிருக்கு. முப்பத்தோரு வருஷமா ஒங்களுக்குச் சோறு போட்டவ நான். எங்கிட்டச் சொல்ல வாய் வரலியோ?"

வாயைத் திறந்தேன். ஹெப்சி நின்றுகொண்டிருந்தாள். இருமல்தான் வந்தது. கொய்யாக் கொம்பை மாசத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும், வெயில் எட்டரைக்குள் காட்ட வேண்டும் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

ஜூலை 21

சமையல்கட்டில் ஒரு இறகு இல்லை, ஒரு பொட்டு அழுக்கு இல்லை. எட்டு வருஷம் நான் கேட்ட சமையல்கட்டு இதுதான். உள்ளே போகவே அருவருப்பாக இருக்கிறது. மத்தியானம் சாப்பிடவில்லை. தராசை எடுத்து வெறுமனே துடைத்து வைத்தேன்.

இப்படிப்பட்ட ஒருவனோடு அவள் முப்பத்தொரு வருஷம் இருந்திருக்கிறாள். நானாக இருந்தால் முதல் வருஷத்திலேயே பூட்டுப் போட்டிருப்பேன்.

ஜூலை 22

பகல் ஒரு மணிக்குப் போன் பண்ணினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"நல்லா இருக்கான். காலைல கொய்யா தின்னான், அவிச்ச சோளம் தின்னான். நிறுத்தும் பாத்தாச்சு, முந்நூத்தி நாப்பத்திநாலு. போதுமா? அதக் கேக்கத்தான கூப்பிட்டீங்க?"

"இல்ல."

"பின்ன?"

"நீ சாப்ட்டியான்னு கேக்கக் கூப்பிட்டேன்."

துரை அவளுக்குப் பக்கத்தில் எதையோ கடித்துக் குதறுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஹெப்சி பக்கத்தில் இருந்தால் போனை ஸ்பீக்கரில் போடு என்றேன். எதற்கு என்றாள். போடு என்றேன். போட்டாள்.

"என் தப்புதான் பியூலா. பிரியாணில நான் அதக் கொட்டிருக்கக் கூடாது. ஹெப்சி, ஒன் மக நிச்சயத்துல நான் அப்படிப் பண்ணிருக்கக் கூடாது."

சொல்லி முடித்து, வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.